நோயாளியின் அருகில் நிற்கும் தொழிலாளி

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஆஸ்பத்திரி என்றதும் நமக்கு முதலில் யார் நினைவுக்கு வருகிறார்? டாக்டர். அடுத்தபடியாக நர்ஸ். ஆனால் இரவும் பகலும் நோயாளியின் பக்கத்தில் இருப்பது யார்? அவரைக் குளிப்பாட்டுவது யார்? கஞ்சி ஊட்டுவது யார்? படுக்கை நனைந்தால் மாற்றுவது யார்? புரளக்கூட முடியாதவரைப் புரட்டிப் படுக்க வைப்பது யார்?

நம் ஊரில் ஆயா என்கிறோம், வார்டு பாய் என்கிறோம். இங்கிலாந்தில் ஹெல்த்கேர் அசிஸ்டண்ட் என்கிறார்கள். அந்த உழைப்பாளியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அவர் எப்படிப் பயிற்சி பெற்று ஒரு படி மேலே ஏறுகிறார், ஏறியபின் அவருக்கு என்ன கிடைக்கிறது, அதிலுள்ள நன்மை என்ன, ஆபத்து என்ன என்பதே விஷயம்.

இங்கிலாந்துக் கதை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று நாம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். அந்த அசல் மான்செஸ்டரில் பழைய பஞ்சாலைகள் ஏறக்குறைய எல்லாமே மூடப்பட்டுவிட்டன. ஒரு காலத்தில் உலகத்துக்கே துணி நெய்த அந்த வட்டாரத்தில்தான், 2002-ம் ஆண்டை ஒட்டி, அசிஸ்டண்ட் பிராக்டிஷனர் என்ற புதிய வேலையைப் பெரிய அளவில் தொடங்கினார்கள். சாதாரண உதவியாளருக்கு ஒரு படி மேல். நர்ஸுக்கு ஒரு படி கீழ். அதுதான் இந்த வேலையின் இடம்.

தொழிலாளியின் காசில் முளைத்த ஏற்பாடு

அந்த நாட்டின் பொது வைத்திய ஏற்பாடு 1948-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி ஆரம்பமாயிற்று. அதைக் கொண்டுவந்த சுகாதார மந்திரி அனூரின் பெவன். இவர் வேல்ஸ் நாட்டில் ட்ரெடிகர் என்ற ஊரில் பிறந்தவர். சிறுவயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். அந்த ஊரில் சுரங்கத் தொழிலாளிகளும் இரும்புத் தொழிலாளிகளும் தங்கள் வாரக் கூலியிலிருந்து ஒரு பங்கைப் போட்டு, தங்களுக்கென்று வைத்திய உதவிச் சங்கம் ஒன்றை நடத்தினார்கள். அந்தச் சங்கத்தின் அனுபவம்தான் பெவனுக்குப் பாடமாக இருந்தது.

ஆகவே, அங்குள்ள ஆஸ்பத்திரி வானத்திலிருந்து விழுந்ததல்ல. உழைப்பாளி மக்கள் போட்ட விதை அது. அப்படிப்பட்ட ஆஸ்பத்திரியிலேகூட, படுக்கையருகில் நிற்கும் தொழிலாளியின் படிப்பைப் பற்றி வெகுகாலம் யாரும் கவலைப்படவில்லை.

அதன் பலன் என்ன? ஸ்டாஃபர்டு என்ற ஊர் ஆஸ்பத்திரியில் 2005 முதல் 2009 வரை நோயாளிகள் பட்ட துன்பத்தை ராபர்ட் பிரான்சிஸ் என்ற வக்கீல் தலைமையில் விசாரித்தார்கள். 2013 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. தண்ணீர் எட்டாத இடத்தில் இருந்தது. சாப்பாடு ஊட்ட ஆளில்லை. அசுத்தமான படுக்கையில் கிடந்தார்கள். செலவைக் குறைப்பதிலும் கணக்குக் காட்டுவதிலும் நிர்வாகம் மூழ்கியிருந்தது, ஆட்கள் போதவில்லை.

அதே ஆண்டில் கமிலா காவெண்டிஷ் என்பவர் உதவியாளர்களின் நிலையை ஆராய்ந்தார். ஆஸ்பத்திரிகளிலும் முதியோர் இல்லங்களிலும் வீடுகளிலுமாக 13 லட்சம் பேர் இந்த வேலையில் இருந்தார்கள். இவர்களுக்கு ஒரே சீரான பயிற்சி என்று எதுவும் இல்லை! அதன்பிறகுதான், 2015-ல், கேர் சர்ட்டிபிகேட் என்ற அடிப்படைப் பயிற்சி வந்தது. நோயாளியின் மானம் காப்பது, பேசும் முறை, தண்ணீரும் ஆகாரமும், தொற்று பரவாமல் தடுப்பது, மூச்சு நின்றால் செய்ய வேண்டிய முதலுதவி என்று 15 பாடங்களாக அதைத் தொடங்கினார்கள். இது முதல் படி.

எண்ணை எழுதுவதும் எண்ணைப் புரிந்துகொள்வதும்

இனி, அடுத்த படிக்கு வருவோம். பயிற்சி எதற்கு? குளிப்பாட்டவும் ஊட்டவும் படிப்பு வேண்டுமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன்.

பிரிட்டனில் 2012 முதல் ஒரு முறை நடைமுறையில் இருக்கிறது. 2017-ல் அதைத் திருத்தினார்கள். ஆறு விஷயங்களைப் பார்த்து மார்க் போடுவது: நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, ரத்த அழுத்தம், நாடி, உடல் சூடு, நினைவு தெளிவாக இருக்கிறதா என்பது. எல்லாம் சரியாக இருந்தால் மார்க் பூஜ்யம். நிலைமை கெடக் கெட மார்க் ஏறும். நோயாளிக்கு மேல்மூச்சாக ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தால் அதற்கும் மார்க் சேரும்.

ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். மூச்சு நிமிஷத்துக்கு 22. இதற்கு 2 மார்க். நாடி 112. இதற்கும் 2. உடல் சூடு 38.4 டிகிரி சென்டிகிரேடு. இதற்கு 1. மற்றவை சரியாக இருக்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் எதுவும் பயமுறுத்தாது. சற்றுக் காய்ச்சல், சற்று இளைப்பு என்று தோன்றும். ஆனால் கூட்டிப் பாருங்கள். 5 மார்க்! ஐந்து வந்தால் அவசரமாக டாக்டரோ, அதற்குத் தகுதி பெற்றவரோ வந்து பார்த்தாக வேண்டும். ஏழு வந்தால் நெருக்கடிப் படையையே அழைக்க வேண்டும். ரத்தத்தில் விஷக்கிருமி பரவுவதன் முதல் அடையாளமே இப்படித்தான் இருக்கக்கூடும்.

பயிற்சியில்லாத உதவியாளர் எண்ணை எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். பயிற்சி பெற்றவர் எண்ணைப் பார்த்ததும் நர்ஸிடம் ஓடுவார். நோயாளி பிழைப்பதும் பிழைக்காததும் சில சமயம் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

ஆலைத் தோழர்களுக்கு இது புரியும். அறுந்த இழையை ஒட்டுவது ஒரு வேலை. இழை ஏன் அடிக்கடி அறுகிறது என்று கண்டுகொள்வது இன்னொரு வேலை. இரண்டையும் செய்வது ஒரே கைதான். ஆனால் இரண்டாவது வேலையில் கையோடு மூளையும் சேருகிறது.

என்ன வேலை செய்கிறார்கள்?

அசிஸ்டண்ட் பிராக்டிஷனர் வார்டில் மட்டும் வேலை செய்பவரல்ல. ரத்தம் எடுக்கிறார், இருதயத் துடிப்பைப் பதிவு செய்கிறார், புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுகிறார், பக்கவாதம் வந்தவரை மறுபடி நடக்கப் பழக்குகிறார். வீட்டுக்குத் திரும்பிய நோயாளியைப் போய்ப் பார்க்கிறார். எக்ஸ்ரே பிரிவிலும் அறுவை அறையிலும் இருக்கிறார். எந்த இடத்தில் வேலையோ அந்த இடத்துக்கு ஏற்ற பயிற்சி.

எக்ஸ்ரே பிரிவில் இது எப்படி வந்தது என்று பார்ப்பது நல்லது. பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துச் சோதிப்பது அங்கே பொதுத் திட்டம். 2000-ம் ஆண்டில் இந்தச் சோதனையை 70 வயது வரை விரிப்பதென்று முடிவு செய்தார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு கோணங்களில் படம் எடுப்பதென்றும் முடிவு செய்தார்கள். வேலை ஒரேயடியாகப் பெருகிற்று. எக்ஸ்ரே நிபுணர்களோ போதவில்லை. அப்போதுதான், உதவியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, நிபுணரின் மேற்பார்வையில் அவர்களே படம் எடுக்கும்படி வழி செய்தார்கள். பல ஆண்டுகள் படித்து வரவேண்டிய நிபுணருக்காகப் பெண்கள் காத்துக்கிடக்கவில்லை. சரியாகச் செய்தால் பயிற்சி இப்படிப் பலன் தரும்.

பயிற்சி எப்படி நடக்கிறது?

வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போகத் தேவையில்லை. இதுதான் முக்கியம். ஏற்கெனவே உதவியாளராக இருப்பவரைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் வேலை, அதே வேலை நேரத்தில் ஒரு பகுதி படிப்புக்கு. பயிற்சிக் காலத்திலும் சம்பளம் உண்டு. ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை ஆகும். பட்டப்படிப்பில் ஏறத்தாழ முதல் இரண்டு ஆண்டுகளுக்குச் சமமான படிப்பு இது.

உடல் எப்படி இயங்குகிறது, நோய் எப்படி வருகிறது, மருந்து என்ன செய்கிறது, சட்டம் என்ன சொல்கிறது என்பதெல்லாம் பாடம். அதோடு, ஒவ்வொரு வேலையையும் தேர்ந்த ஒருவரின் கண் முன்னே செய்துகாட்ட வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்தது. கடைசியில் பரீட்சையும் நேர்முகமும். வேலை செய்வதைத் தேர்வாளர் பக்கத்தில் நின்று பார்ப்பதும் உண்டு.

படிப்புக்குப் பணம் யார் கட்டுகிறார்கள்? தொழிலாளி அல்ல. 2017 ஏப்ரல் முதல், ஆண்டுச் சம்பளப் பட்டியல் 30 லட்சம் பவுனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு முதலாளியும் நூற்றுக்கு அரை வீதம் பயிற்சி வரி கட்டவேண்டும். பொது ஆஸ்பத்திரியும் கட்டவேண்டும். பயிற்சிக் கட்டணம் அந்த நிதியிலிருந்து போகிறது.

நாற்பது வயதில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் ஒரு பெண், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள், இந்த வழியில் படிக்க முடியும். கூலியை இழக்காமல் படிக்க முடியும் என்றால்தான் ஏழைக்குப் படிப்பு. மற்றதெல்லாம் காசுள்ளவனுக்குத்தான்.

படிக்கட்டா, முட்டுச்சந்தா?

ஆனால், தோழர்களே, பயிற்சி என்றதும் கைதட்டிவிடக் கூடாது. இந்தப் படி மேலே எங்கே கொண்டுபோகிறது என்று கேட்க வேண்டும்.

பிரிட்டனில் 1943-ம் ஆண்டில் ஒரு சட்டம் போட்டு, இரண்டாந்தர நர்ஸ் என்று ஒரு பிரிவை உண்டாக்கினார்கள். இரண்டாண்டுப் பயிற்சி. யுத்தத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் தேவைப்பட்டபோது கரீபியன் தீவுகளிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் இளம் பெண்களை அழைத்தார்கள். முதல்தர நர்ஸாகும் தகுதி பெற்றிருந்தவர்களில்கூடப் பலரை இந்த இரண்டாந்தரப் பயிற்சியில் தள்ளினார்கள். அவர்களுக்கு நடந்ததே தெரியாது. அந்தச் சான்றிதழுக்கு அவர்கள் சொந்த நாட்டில் மதிப்பில்லை. பிரிட்டனிலும் பதவி உயர்வு இல்லை. ஆயுள் முழுவதும் அதே இடத்தில் நின்றார்கள். பிறகு 1990-களில் அந்தப் பயிற்சியையே நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே கேள்வி இதுதான்: அசிஸ்டண்ட் பிராக்டிஷனரும் அதே முட்டுச்சந்தில் நிற்பாரா? இன்று நிலைமை சற்றுத் தேவலை. இந்தப் படிப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, நர்ஸ் படிப்பையோ எக்ஸ்ரே நிபுணர் படிப்பையோ குறைந்த காலத்தில் முடிக்கப் பல கல்லூரிகள் அனுமதிக்கின்றன. ஆனால் அசிஸ்டண்ட் பிராக்டிஷனர் என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. அரசாங்கப் பதிவேடும் இல்லை. இதே படியில் நர்ஸிங் அசோசியேட் என்ற இன்னொரு வேலை வந்தது. 2019 ஜனவரி முதல் இங்கிலாந்தில் அவர்களை நர்ஸ் கவுன்சில் பதிவு செய்கிறது. பதிவு இருந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் படிப்புக்கு மதிப்புண்டு. இல்லாவிட்டால் புதிய எஜமானர் வைத்ததே சட்டம்.

வேலை கூடினால் கூலியும் கூடவேண்டும்

இனிக் கூலி. அங்கே பொது ஆஸ்பத்திரியில் 2004 முதல் கிரேடு முறை இருக்கிறது. இங்கிலாந்தில் 2025-26-ம் ஆண்டுக்கான வருஷச் சம்பளம் இது: 2-வது கிரேடு உதவியாளருக்கு 24,465 பவுன். 3-வது கிரேடு 24,937-ல் ஆரம்பம். அசிஸ்டண்ட் பிராக்டிஷனருக்கு உரிய 4-வது கிரேடு 27,485-ல் ஆரம்பித்து 30,162 வரை. புதிய நர்ஸுக்கு 5-வது கிரேடு, 31,049.

காகிதத்தில் இது ஒழுங்காகத் தெரிகிறது. நடைமுறை என்ன? 2-வது கிரேடு என்பது குளிப்பாட்டுவது, ஊட்டுவது போன்ற பராமரிப்புக்கு உரியது. ரத்தம் எடுப்பது, நாடி, அழுத்தம் பார்ப்பது போன்றவை 3-வது கிரேடு வேலை. ஆனால் ஆயிரக்கணக்கான உதவியாளர்கள் 2-வது கிரேடு கூலி வாங்கிக்கொண்டு 3-வது கிரேடு வேலை செய்தார்கள். பதிலித் தொழிலாளியிடம் நிரந்தரத் தொழிலாளியின் வேலையை வாங்கும் வித்தை நமக்குத் தெரியாததா?

2021-ல் இந்த வேலை விவரங்களைத் தெளிவாக்கித் திருத்தினார்கள். யூனிசன் என்ற தொழிற்சங்கம் அதைக் கையில் எடுத்தது. வடமேற்கு இங்கிலாந்தில் தொடங்கிப் பல ஊர்களில் உதவியாளர்கள் தாங்கள் செய்யும் வேலையைப் பட்டியல் போட்டு நிர்வாகத்தின் முன் வைத்தார்கள். சில இடங்களில் பேச்சில் முடிந்தது. சில இடங்களில், 2023-ல் விரல் என்ற வட்டாரத்தில் நடந்ததுபோல, வேலைநிறுத்தம் வரை போனது. கிரேடு உயர்வும் பழைய பாக்கியும் பல இடங்களில் கிடைத்தன. பயிற்சி ஆளை உயர்த்தும். கூலியைத் தானாக உயர்த்தாது. கூலியைச் சங்கம்தான் உயர்த்தவேண்டும்.

யாருக்குப் பதிலாக யார்?

இன்னொரு ஆபத்தும் உண்டு. நர்ஸுக்குத் துணையாக உதவியாளரை நிறுத்துவது ஒன்று. நர்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உதவியாளரை நிறுத்துவது வேறொன்று. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும்.

லிண்டா ஐக்கன் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் இங்கிலாந்து உட்பட ஆறு ஐரோப்பிய நாடுகளின் ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். 25 நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ் வீதம் எடுத்துவிட்டு உதவியாளரை வைத்தால், நோயாளி இறக்கும் வாய்ப்பு 21 சதவீதம் கூடுவதோடு அது தொடர்புடையது என்று கண்டார்கள். இது உதவியாளரின் குற்றமா? இல்லை. ஒருவர் பார்த்த மிஷின்களை இரண்டு மடங்காக்கிவிட்டு, நூல் கெட்டால் தொழிலாளியைத் திட்டுவது போன்றது இது. குற்றம் கணக்குப் போட்டவருடையது.

அதனால்தான் அந்தப் பயிற்சியில் ஒரு பாடம் மிக முக்கியமாகச் சொல்லப்படுகிறது. நர்ஸ் ஒரு வேலையை ஒப்படைத்தால், தகுந்த ஆளிடம் ஒப்படைத்தோமா என்பதற்கு நர்ஸ் பொறுப்பு. ஏற்றுக்கொண்ட வேலையைச் சரியாகச் செய்தோமா என்பதற்கு உதவியாளர் பொறுப்பு. ஆகவே, “இதற்கு எனக்குப் பயிற்சி இல்லை, நான் செய்யமாட்டேன்” என்று சொல்வது கீழ்ப்படியாமை அல்ல. கடமை. இந்த ஒரு வாக்கியத்தைத் தைரியமாகச் சொல்லத் தெரிந்தவர்தான் உண்மையில் பயிற்சி பெற்றவர். சொல்லாமல் செய்து ஏதாவது நேர்ந்தால், ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்ற கதையாகப் பழி முழுவதும் அவர் தலையில்தான் விழும். ஆனால் அப்படிச் சொன்னவரைப் பழிவாங்காமல் காக்கச் சங்கம் பின்னால் நிற்கவேண்டும்.

ஏஜெண்டு வந்தால் கேளுங்கள்

“லண்டன் ஆஸ்பத்திரியில் வேலை, படிக்கவும் வைப்பார்கள், இத்தனை லட்சம் கட்டு” என்று ஏஜெண்டு யாராவது உங்கள் வீட்டுக்கு வந்தால் இதைக் கேளுங்கள். முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டாரை எடுக்க 2022 பிப்ரவரியில் பிரிட்டன் வழி திறந்தது. பல நாடுகளிலிருந்தும் வந்த பலர், கடன் வாங்கிப் பணம் கட்டிப் போய், சொன்ன வேலையும் கிடைக்காமல் தவித்தார்கள். 2025 ஜூலை 22-ந் தேதி முதல், வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்புத் தொழிலாளரை எடுக்கும் அந்த வழி மூடப்பட்டுவிட்டது. நான் சொன்ன அரசாங்கப் பணப் பயிற்சிக்குப் பொதுவாக அங்கே மூன்றாண்டுகள் குடியிருந்திருக்க வேண்டும். வேலை தேடித் தருவதற்குத் தொழிலாளியிடம் காசு வாங்குவதை அந்த நாட்டுச் சட்டமே 1973 முதல் தடுக்கிறது. காசு கேட்பவன் முதல் வார்த்தையிலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கிறான். ஆழம் தெரியாமல் காலை விடாதீர்கள். நிலத்தை அடகு வைக்காதீர்கள்.

நாம் கேட்க வேண்டிய நாலு கேள்விகள்

நம் நாட்டிலும் இதே பிரச்னை வேறு உருவத்தில் இருக்கிறது. 2005 முதல் கிராமங்களில் ஆஷா என்ற பெயரில் லட்சக்கணக்கான பெண்கள் சுகாதார வேலை செய்கிறார்கள். கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் குழந்தைக்குத் தடுப்பூசி போடவைப்பதும் அவர்கள்தான். பயிற்சியும் கொடுக்கிறார்கள். ஆனால் தொழிலாளி என்று பெயர் இல்லை. தொண்டர் என்று பெயர்! கூலி இல்லை, ஊக்கத்தொகை. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்கவேண்டும், குறைந்தபட்சக் கூலி கொடுக்கவேண்டும் என்று 2013-ல் இந்தியத் தொழிலாளர் மாநாடே சிபாரிசு செய்தது. பயிற்சி கொடுத்துப் பொறுப்பையும் கொடுத்துவிட்டு, பெயரையும் கூலியையும் மட்டும் மறுப்பது என்ன நியாயம்?

ஆகவே, எந்த ஊரிலானாலும், ஆஸ்பத்திரி வேலைக்குப் பயிற்சி என்று உங்கள் மகளோ தங்கையோ வந்து சொன்னால், நாலு கேள்விகள் கேளுங்கள். படிக்கும் காலத்தில் கூலி உண்டா? படித்து முடித்தால் கிரேடு உயருமா? இந்தச் சான்றிதழ் அடுத்த படிக்கு வழி திறக்குமா, வேறு இடத்தில் செல்லுமா? தெரியாத வேலையைச் செய்யமாட்டேன் என்று சொல்ல உரிமை உண்டா? நாலுக்கும் ஆம் என்று பதில் வந்தால், தயங்காமல் அனுப்புங்கள். ஒன்றுக்கு இல்லை என்று வந்தாலும், அது சங்கத்தில் எடுத்துப் பேச வேண்டிய விஷயம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நாளை நாமும் ஒரு நாள் அந்தக் கட்டிலில் படுப்போம். அன்று இரவு இரண்டு மணிக்கு நம் மூச்சை எண்ணப்போகிறவர் ஒரு தொழிலாளி. அவர் வயிறு நிறைந்திருக்க வேண்டும். அவருக்கு அந்த எண்ணின் பொருள் தெரிந்திருக்க வேண்டும். இது அவருக்கு நாம் காட்டும் இரக்கமல்ல, தோழர்களே. நம் உயிருக்கு நாம் தேடிக்கொள்ளும் பாதுகாப்பு.